காலைக்கு ஒரு கரண்டி

பிப்ரவரி 6

ஆலோசகர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறவனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மேலே சிலுவைப் படம், கீழே குடிநோய் மறுவாழ்வு இல்லம் என்று ரப்பர் முத்திரை, நடுவில் உன் கையெழுத்து. பெயர் போடாமல் ஆலோசகர் என்று மட்டும் போட்டால் எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாயா. ஞாயிறு பள்ளிப் பரீட்சையில் என் மகன் சின்னவனுக்குப் பதிலாக நீ எழுதிக் கொடுத்து, இரண்டு பேரும் முட்டி போட்டு நின்றீர்களே, அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தெல்லாம் வலது பக்கம் சாய்ந்து, ஓடுகிற பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி இருக்கும். முப்பது வருஷம் ஆகியும் அந்த பஸ்ஸை நீ பிடிக்கவில்லை போலிருக்கிறது. நீ ஒட்டடை. தையல்காரி மகன் ஒட்டடை. ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்து, என் வீட்டு வாசலில் குனிந்து குனிந்து நுழைந்து, என் மகனைக் கெடுத்தவன்.

அதனால்தான் ஸ்தோத்திரம் என்று ஆரம்பிக்கவில்லை. தப்பாகவே எடுத்துக்கொள்.

உங்கள் இல்லத்தில் கிடக்கும் அவனுடைய குடியால் வீட்டில் நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். திட்டாமல், கூட்டாமல், குறைக்காமல். எல்லோரையும் உட்காரவைத்து அதை வாசிப்பீர்களாம். அவன் வாய் திறக்காமல் கேட்கவேண்டுமாம். இதுதான் உங்கள் முறை என்கிறாய். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். ஆனால் ஞாபகத்துக்கு யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை. எண் போட்டுத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நாலு பக்கம். சிலதை இங்கேயும் சொல்கிறேன், நீ வாசிக்கும்போது அவசரப்பட்டு ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக.

முதலாவது, கல்யாணம் ஆன ஒன்பதாம் நாள், மாமனார் வீட்டு ஹாலில் செருப்போடு படுத்துத் தூங்கியது. ஒன்பதாவது, அவன் வேலை பார்த்த கண்ணாடிக் கடை. ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்பக்கத்துக்கு ஆறடிக்கு நாலடிக் கண்ணாடி. வைரமுனையால் கோடு இழுத்தாகிவிட்டது, தட்டி எடுக்கவேண்டியதுதான் பாக்கி. கை நடுங்கி அத்தனையும் தரையில். முதலாளி திட்டவில்லை, விளக்குமாறை எடுத்துக் கொடுத்தார். கூட்டி அள்ளிவிட்டு வந்தவன் மறுநாளிலிருந்து போகவில்லை. பதினான்காவது, பேத்தியின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வேறு வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு, யாரோ ஒரு பிள்ளையின் மார்க்கைப் பார்த்து அழுதான். அந்தப் பிள்ளையின் தகப்பன் இவனுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறான். இருபத்தெட்டாவது, மருமகள் போனது. ஜூன் பத்தொன்பது, திங்கட்கிழமை. "அத்தை, பாப்பாவ இப்போதைக்கு நீங்க வச்சுக்குங்க, எனக்கு ஒரு இடம் கிடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த உலகத்தில் இடத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு.

முப்பத்தொன்றாவது, போன மாதம் பதினொன்றாம் தேதி, ரத்தமாக வாந்தி எடுத்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் விரிப்பு வெளுத்தவள் நான். எந்தக் கறை எதில் போகும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தலையணை உறையை நான் வெளுக்கவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன், அவனுக்குக் காட்ட.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு. அதற்கு எண் போடவில்லை. பதினாறு வயதில் கண்ணாடிக் கடைக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் அவனுக்கு முதல் வாய் ஊற்றிக் கொடுத்தது நீ. அதையும் சத்தமாக வாசி. வாய் திறக்காமல் கேள். உங்கள் முறைதானே.

இப்படிக்கு,
அவனைப் பெற்றவள்


பிப்ரவரி 15

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

என் பெயரை மறைத்தது தவறுதான். ஒட்டடை என்று போட்டிருந்தால் நீங்கள் கடிதத்தைப் பிரித்திருக்கமாட்டீர்கள் என்று பயந்தேன். நான் குடித்து பதினோரு வருடம், நான்கு மாதம் ஆகிறது. முதலில் இதே இல்லத்தில் ஏழாம் எண் கட்டிலில் படுத்திருந்தேன். பிறகு சமையலறையில் பாத்திரம் கழுவினேன். பிறகு படிக்க அனுப்பினார்கள். இப்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நான்கடி தூரம்தான். அதற்கு மேல் நான் எங்கும் போய்விடவில்லை.

உங்கள் தாள் வியாழக்கிழமை வாசிக்கப்பட்டது. நானே வாசித்தேன். பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் என்னைப் பற்றியதையும் வாசித்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நீங்கள் சொன்னபடி வாய் திறக்காமல் இருந்தேன்.

சின்னவன் முப்பத்தொன்றையும் தலை குனிந்தபடி கேட்டான். எதையும் மறுக்கவில்லை. பதினான்காவதுக்குச் சிரித்தான், சிரிப்பு பாதியில் அழுகையானது. முடிந்ததும் என்னைப் பார்த்து, "அவ்வளவுதானா? ஒண்ணு விட்டுட்டாங்களே" என்றான்.

"மறந்திருப்பாங்கடா."

"யாரு, எங்கம்மாவா? எங்கம்மா எதையும் மறக்க மாட்டாங்க. விட்டாங்கன்னா விட்டதுதான்."



பெரியம்மா, இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே காலை ஏழு மணிக்குத் தேநீருக்கு முன் எல்லோரும் நின்று ஜெபிப்போம். எழுதிவைத்த ஜெபம், சின்னதுதான். அதில் 'ஆண்டவரே, உள்ளே வாரும்' என்று ஒரு வரி வரும். மற்றவர்களை அந்த நேரம்தான் பிடித்து நிறுத்துகிறது. அந்த வரி வந்ததும் சின்னவனுக்கு வியர்க்கிறது, வாய் ஊறுகிறது, உதட்டைத் துடைத்துக்கொள்கிறான். மூன்று தடவை அறையைவிட்டு ஓடினான். நான் இத்தனை வருடத்தில் இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை. எல்லோரையும் ஜெபம் தாங்குகிறது, இவனை மட்டும் இழுக்கிறது.

டாக்டர் சொன்னதையும் நான் மறைக்கக்கூடாது. ஈரல் கெட்டு, உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் வீங்கியிருக்கின்றன. இனி ஒருமுறை குடியில் விழுந்தால் எழுந்திருக்க மாட்டான் என்றார்.

அதனால் கேட்கிறேன். அவனுக்கு எட்டு, ஒன்பது வயதில், பெரியப்பா இறந்த பிறகு, காலை வேளைகளில் வீட்டில் என்ன நடந்தது? எனக்கு எழுதவேண்டாம். அவனுக்கு எழுதுங்கள். அந்த ஒன்றையும் உங்கள் கையால் எழுதினால், அவன் அந்த ஜெபத்தைக் குடியிலிருந்து பிரித்தெடுக்க ஒரு வழி கிடைக்கலாம். உறுதியாகச் சொல்லமுடியாது. கிடைக்கலாம்.

உங்கள்,
ஒட்டடை


பிப்ரவரி 24

ஒட்டடைக்கு,

பெரியம்மா என்று எழுதாதே. உனக்கு நான் பெரியம்மாவும் இல்லை, சின்னம்மாவும் இல்லை. போனால் போகிறதென்று ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பாடு போட்டேன், அவ்வளவுதான்.

காலையில் என்ன நடந்ததா? காலையில் நான் வேலைக்குப் போனேன். புருஷன் செத்து மூன்றாம் வாரம் சலவைக்கூடத்தில் சேர்ந்தேன். பேத்தி தூங்கும்போது மூச்சு விடுவதைப் பார்த்தால் இப்போதும் அந்த நீராவி மெஷின் சத்தம்தான் ஞாபகம் வருகிறது. ஆறரைக்கு உள்ளே இருக்கவேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் வாசலில் நிறுத்திவிடுவார்கள். அவன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தினம் வாந்தி. தகப்பனைப் பெட்டியில் பார்த்த பயம். எந்த வீட்டில் பிள்ளை வாந்தி எடுக்கவில்லை? எந்தத் தாய் கைவைத்தியம் செய்யவில்லை? இதைக் கேட்க உனக்குச் சம்பளமா?

ஞாபகத்தைப் பற்றிப் பேசுகிறாயே, நான் ஒன்று சொல்கிறேன். உன் விஷயம் தெரிந்த மறுநாள், புதன்கிழமை, நான் உன் அம்மாவின் தையல் அறைக்குப் போனேன். தனியாகப் போகவில்லை, சபைப் பெண்கள் ஒன்பது பேர் கூட வந்தார்கள். "உன் பிள்ளை என் பிள்ளைக்கு விஷம் ஊத்திக் கொடுத்திருக்கான், நீ இங்க ஊசில நூல் கோத்துக்கிட்டு உக்காந்திருக்க" என்றேன். உன் அம்மா மிஷினை நிறுத்தவில்லை, அந்தத் தையல் முடிகிறவரைக்கும் மிதித்தாள். அப்புறம் எழுந்து, "தப்புதான் அக்கா" என்றாள். நாங்கள் கொடுத்த துணியையெல்லாம் திரும்ப வாங்கினோம். அளவெடுத்தது, வெட்டியது, வெட்டாதது எல்லாம். என் ரவிக்கைக்கு ஒரு கைதான் வைத்திருந்தாள். அதையும் குண்டூசியோடு வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாரும் அவளிடம் துணி கொடுக்கவில்லை. நாலு வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள். நான் அடக்கத்துக்கு வரவில்லை. அந்த ரவிக்கை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, ஒரு கையோடு. நான் எதையும் மறக்கமாட்டேன் என்று அவன் சொன்னது சரிதான்.

நீ எனக்கு ஆலோசனை சொல்லவேண்டாம். இந்தச் சபையின் திருவிருந்துக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் திராட்சரசம் செய்கிறவள் நான். கறுப்புத் திராட்சையைக் கழுவி, துடைத்து, பிசைந்து, சர்க்கரை போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் இரண்டு சுற்றுக் கட்டி, புளிப்பதற்கு என் கட்டிலுக்கு அடியில் வைப்பேன். நாலு ஜாடி. நாலு போதகர்கள் மாறிவிட்டார்கள், ரசம் மாறவில்லை. அது குடி இல்லை. உங்கள் இல்லத்தில் பன்னிரண்டு கட்டில் போட்டு, ஏழு மணிக்கு எழுப்பிவிட்டு, சுகம் தருகிறோம் என்கிறீர்கள். சுகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மார்ச் பதினாறு திருவிருந்து ஞாயிறு. அவனை நான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் முழங்கால் போடவைக்கப் போகிறேன். போதகரிடம் சொல்லிவிட்டேன். "கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்.

அவனை அனுப்பிவை.

அவன் அம்மா


மார்ச் 3

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வேறு எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னியுங்கள்.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலை செய்யமுடியவில்லை. மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது பின்பக்கச் சுவருக்கு வெளியே ஒளிந்திருந்தேன். மிஷின் சத்தம் கேட்டது, நீங்கள் அதற்குள் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன்.

இருபத்தைந்து வருடமாகச் சொல்லாததை இப்போது சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லாமல் வைத்திருந்து அவன் போய்விட்டால் நான் அதற்கும் பதில் சொல்லவேண்டும்.

கண்ணாடிக் கடைக்குப் பின்பக்கம், உடைந்த கண்ணாடி கொட்டும் தொட்டிக்குப் பக்கத்தில், பாட்டிலைக் கொண்டுவந்தது நான்தான். அது என் குற்றம். முதலில் நான் குடித்தேன். இருமி, மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அவனிடம் கொடுத்தேன். அவன் உடனே குடிக்கவில்லை. கண்ணை மூடினான். "இயேசப்பா உள்ளே வாங்க, பயமே வெளியே போ" என்றான், சின்னப்பிள்ளை மாதிரி. பிறகு குடித்தான். இருமவில்லை, பெரியம்மா. முகம்கூடச் சுளிக்கவில்லை.

நான் சிரித்தேன். "என்னடா, பாட்டிலுக்கு ஞானஸ்நானம் கொடுக்கறியா?" என்றேன்.

"எங்கம்மா அப்படிச் சொல்லித்தான் கொடுப்பாங்க" என்றான். "ஸ்கூலுக்கு முன்னாடி. கரண்டில. முதல்ல ஒரு கரண்டி, அப்புறம் மூணு, நாலு. பத்து வயசு வரைக்கும். அப்புறம் நானே எடுத்துக்குவேன், தண்ணி ஊத்தி வச்சிருவேன்."

மறுநாள் உங்களுக்குத் தெரிந்துபோய், நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரும் முன்பே அவன் ஓடிவந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான்னு சொல்லுடா. எங்கம்மாகிட்ட அத மட்டும் சொல்லிடாத. அவங்களால தாங்க முடியாது" என்றான். பதினாறு வயதில் எனக்கு அது பெரிய வீரமாகத் தோன்றியது. அதன் விலை அம்மாவின் தலையில் விழும் என்று தெரியாது.

நான் உங்களைக் குற்றம் சாட்டவில்லை. ஆறரைக்கு வாசலில் நிற்கவேண்டிய ஒரு தாய், கையில் இருந்ததைக் கொடுத்தாள். எத்தனையோ வீட்டில் கொடுத்திருப்பார்கள். உங்கள் கையில் இருந்தது ஜெபமும் ஜாடியும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். அவனுக்கு இன்றுவரை இரண்டும் ஒன்றுதான்.

பதினாறாம் தேதி அவனைத் திருவிருந்து ரசப் பாத்திரத்துக்கு முன் கொண்டுபோகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அப்பம் மட்டும் போதும் என்று போதகரிடம் நானே பேசுகிறேன். எங்கள் இல்லத்தில் கொதிக்கவைத்த பழச்சாறுதான் வைக்கிறோம், யாருடைய விசுவாசமும் அதனால் குறைந்துவிடவில்லை. ஜாடிகளை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கே கதவுக்குப் பூட்டு கிடையாது. அவன் போகவேண்டும் என்றால் என்னால் தடுக்கமுடியாது. உங்கள் கடிதத்தைக் கேட்டதிலிருந்து துணியை மடித்துவைத்துக்கொண்டிருக்கிறான். "அம்மா கூப்பிடறாங்கடா" என்கிறான். நாற்பத்தொரு வயதில் அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு அழுகை வரும்.

ஒட்டடை


மார்ச் 19

ஒட்டடைக்கு,

உன் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அதிலிருந்த எதற்கும் பதில் எழுதப்போவதில்லை.

அவன் வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானம், பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சவரம் செய்த முகத்தோடு. பேத்தி கதவுக்குப் பின்னால் நின்று பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்பா இன்னைக்கு எந்த அப்பா?" என்று என்னிடம் கேட்டாள். அவன் காதில் விழுந்துவிட்டது. "நல்ல அப்பாம்மா, வந்து மோந்து பாரு" என்றான். அவள் நிஜமாகவே வந்து மோந்து பார்த்தாள்.

சனிக்கிழமை அவள் அறை ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டான். இரண்டு வருஷமாக அட்டை வைத்து அடைத்திருந்த ஜன்னல். அளந்து, கோடு இழுத்து, மேசை விளிம்பில் வைத்துத் தட்டினான். ஒரே சத்தம், நேராக வந்தது. கை நடுங்கவில்லை. பேத்தி அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வரைக்கும் நின்றாள்.

ஞாயிறு போனோம். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். போதகர் என்னிடம் ஜாடையாக, அப்பம் மட்டும் கொடுக்கட்டுமா என்று கேட்டார். நீ பேசியிருக்கிறாய். "பாத்திரமும் குடுங்கய்யா, நான் பக்கத்துலதான இருக்கேன்" என்றேன். அவன் முழங்கால் போட்டான். கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தான். ஒரு வாய். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஒட்டடை. கண் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். எட்டு வயதில் சிரித்த அதே சிரிப்பு. மூன்று நாள் ஆகிறது, சாப்பிடுகிறான், தூங்குகிறான். உன் டாக்டரிடம் போய்ச் சொல்.

ரசம் என்னிடமே இருக்கிறது. அவன் என் அறைக்குள் வருவதில்லை. நேற்று ஒரு ஜாடியின் கட்டு மட்டும் மூன்று சுற்றாக இருந்தது. பேத்தி விளையாடியிருப்பாள்.

அவன் அம்மா


மார்ச் 24

பெரியம்மா,

அந்தக் கட்டைப் பேத்தி கட்டவில்லை. உங்களுக்குத் தெரியும்.

தயவுசெய்து இன்றைக்கே ஜாடிகளை வெளியே கொண்டுபோங்கள். அவனைத் திட்டாதீர்கள், பூட்டிவைக்காதீர்கள். வாந்தியில் காப்பித்தூள் மாதிரிக் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவன் கட்டிலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலை இல்லத்து வேனை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்கு முன் வண்டி கிடைக்கவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் என்னை உள்ளே விடவேண்டாம். வாசலில் நிற்கிறேன். அவனை மட்டும் அனுப்புங்கள்.

ஒட்டடை


ஏப்ரல் 22

ஒட்டடைக்கு,

நீ வேனை எடுத்துக்கொண்டு வந்த சனிக்கிழமை, அவனை எடுத்த சனிக்கிழமை ஆகிவிட்டது. வாசலில் நிற்கிறேன் என்று எழுதியபடியே கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நின்றாய். எல்லோரும் போனபின் உள்ளே போய் மண் அள்ளிப் போட்டதைப் பார்த்தேன். பிறகு நாலு கல்லறை தள்ளி உன் அம்மாவிடம் போனாய். எந்த வரிசை என்று எனக்குத் தெரியும். அடக்கத்துக்கு வராதவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்தேன். நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்கால் இருக்கும். நான் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். என் அறைக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. இயேசப்பா உள்ளே வாங்க, பயமே வெளியே போ. தடித்த குரல், வார்த்தை மட்டும் அதே வார்த்தை. நான் கதவில் கைவைத்தேன். தள்ளவில்லை. பிள்ளை ஜெபம் பண்ணுகிறான், தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போய்த் தேநீர் வைத்தேன். தெரிந்து போனேனா, தெரியாமல் போனேனா என்று நீ உன் மேசையில் உட்கார்ந்து கேட்பாய். கேள். நான் தெரிந்துதான் போனேன்.

தேநீரை எடுத்துக்கொண்டு வந்தபோது தரையில் கிடந்தான். கட்டிலுக்கு அடியில் கை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. ரத்தமும் ரசமும் ஒரே நிறம், தரையில் எது எதென்று பிரிக்கமுடியவில்லை. இருபத்தாறு வருஷம் கறை பார்த்த கண்ணுக்கே தெரியவில்லை. "அம்மா, உங்க தப்பு இல்ல" என்றான். கடைசியாகப் பேசியது அதுதான். அவன் என்னைத் திட்டியிருந்தால் என்னால் பிழைத்துக்கொள்ள முடியும். திட்டினால் நான் அதற்கு ஒரு எண் போட்டு வைத்துக்கொள்வேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன். வாசிக்க அவன் இல்லை. ஆனாலும் உன் முறைப்படி, கூட்டாமல் குறைக்காமல்.

முப்பத்திரண்டாவது. அவன் அப்பா செத்த வருஷம் ஆகஸ்ட் மூன்று, திங்கட்கிழமை. அவனுக்கு எட்டு வயது. ஸ்கூல் பை தோளில் இருந்தது, சட்டையில் வாந்தி இருந்தது, மணி ஆறு பத்து. திருவிருந்து ரசத்தில் ஒரு கரண்டி எடுத்தேன். பித்தளைக் கரண்டி, காம்பு வளைந்தது. குடிக்கமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டான். கசக்குமோ என்று பயம். இது இயேசப்பா, குடித்தால் உள்ளே வருவார், பயம் வெளியே போய்விடும் என்றேன். அவனையும் சொல்லச்சொன்னேன். சொன்னான், குடித்தான். வாந்தி நின்றது. ஆறரைக்கு நான் வேலை வாசலில் நின்றேன். ஒரு வருஷமும் ஏழு மாதமும் கொடுத்தேன். பிறகு அவனே எடுக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது ஒரு திருவிருந்து ஞாயிறு, பழைய போதகர், "என்னம்மா, இந்தத் தடவை ரசம் தண்ணியா இருக்கே" என்றார். திராட்சை சரியில்லை ஐயா என்றேன். அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் உன் அம்மாவின் மிஷினுக்கு முன்னால் போய் நின்றேன்.

வாசித்துக் காட்டவேண்டும் என்றால் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டு.

இப்போது நான் எழுத வந்த விஷயம். மருமகள் அடக்கத்துக்கு வந்தாள், சாயங்காலமே போய்விட்டாள். பேத்தி என்னோடுதான் இருக்கிறாள். மூன்று ஜாடியை அன்றைக்கே சாக்கடையில் ஊற்றிவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்திருந்தேன். அடுத்த திருவிருந்துக்கு வேண்டுமே என்று, பழக்க தோஷம். போன வாரம்தான், அடக்கத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவளைப் பள்ளிக்குக் கிளப்பினேன். பிள்ளை சீருடை போட்டு, பையை மாட்டி, கதவருகில் போய், கதவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

நான் யோசிக்கவே இல்லை, ஒட்டடை. என் கால் போனது, என் கை போனது. ஜாடியின் கட்டை அவிழ்த்து, கரண்டியில் எடுத்து, அவள் முன்னால் நிற்கிறேன். "இயேசப்பா" என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. அவள் கண்ணை மூடி வாயைத் திறந்தாள். பதினோரு வயதுப் பிள்ளை, என்ன ஏது என்று கேட்கவில்லை. பாட்டி கொடுத்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று திறந்தாள்.

கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சேலையெல்லாம் ரசம். அந்த ஜாடியையும் ஊற்றினேன். கரண்டியைக் காலால் மிதித்து மடித்தேன், கிழவியின் பலத்துக்குப் பாதிதான் மடங்கியது. போதகரிடம் இனி வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏனென்று கேட்டார். சொன்னேன். 

அன்றிலிருந்து தினமும் காலையில் வாந்தி எடுக்கிறாள். இன்றைக்கும். நான் பிளாஸ்டிக் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாட்டி, எனக்கு ஒண்ணும் தர மாட்டீங்களா?"

"எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. நான் இங்கயேதான் நிக்கிறேன்."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"நீ முடிக்கிற வரைக்கும்."

"ஸ்கூல் மணி அடிச்சிருமே."

"அடிக்கட்டும்."

மணி அடித்தது. அது அவள் அப்பா போட்ட கண்ணாடி வழியாகவும் கேட்டது. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை. வரும் வார்த்தையெல்லாம் அந்த வார்த்தையாகவே வருகிறது.

உன் அம்மா ஒரு கை வைத்துக் கொடுத்த ரவிக்கையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். குண்டூசி துருப்பிடித்திருக்கிறது, பார்த்து எடு. மன்னிப்புக் கேட்டு எழுதத் தெரியவில்லை. ஐந்தாவது வரைக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு பிள்ளையின் பயத்தை எப்படிப் போக்குவது? நீ படித்திருக்கிறாய், உன்னைக் கேட்கிறேன். உனக்கும் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுது. உன் கடிதம் வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் நான் பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பெரியம்மா